சுவர்க் கடிகார வேலைக்கு எந்த லேத்? காவிரிப் படுகைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வீட்டிலேயே சிறு பட்டறை வைத்து, சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பழுது பார்க்கவோ புதிதாக ஒன்று செய்யவோ நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது லேத் வாங்கும்போதுதான். மூடிய பட்டறையிலிருந்து வரும் பழைய ஆறடி லேத் ஒன்று. மேசைமேல் வைக்கிற 7×14 (அங்குலம்) மினி லேத் இன்னொன்று. வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் வைத்திருந்த 8 மி.மீ. காலெட் (கம்பியைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட குழாய்) லேத் மூன்றாவது. மூன்றிலும் உலோகம் கடையலாம் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை அதிகம் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு பெரிய சாமான் பிடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். கடிகார வேலைக்கு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். நீங்கள் கடைய வேண்டியதிலேயே மிகச் சிறியது எது, அதை இந்த லேத் ஆடாமல் பிடிக்குமா என்று கேளுங்கள். பெரிய சாமானை ஊரில் உள்ள எந்த லேத் பட்டறையிலும் கூலி கொடுத்துக் கடைந்து வாங்கலாம். ஒரு மி.மீ. பிவட்டை (சக்கர அச்சின் மெல்லிய முனையை) அப்படி வாங்க முடியாது.

பிரித்துப் பார்த்தால் என்ன வேலை வருகிறது

ஆன்சோனியா, யுங்ஹான்ஸ், செய்கோஷா போன்ற எட்டு நாள் கடிகாரங்கள் டெல்டாவின் பழைய வீடுகளில் இன்னும் தொங்குகின்றன. இவற்றில் தேய்கிற இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பித்தளை பிளேட்டில் பிவட் சுழலும் துளை. எண்ணெயில் தூசி சேர்ந்து அரைக்க, விசை தள்ளும் பக்கமாகத் துளை முட்டை வடிவத்துக்குப் போகும். அச்சு சாயும், சக்கரப் பல்லும் பினியனும் (அதோடு சேரும் சிறு பற்சக்கரம்) சரியான ஆழத்தில் கவ்வாது, கடிகாரம் நிற்கும். தேங்காய் எண்ணெய் விடுவது வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் கடிகாரம் நிற்க அதுவே போதும். நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துவைத்துத் துளையை அரிக்கவும் செய்யும். தயவுசெய்து விடாதீர்கள்.

ஆகவே ரிப்பேர் வேலையில் பெரும்பகுதி புஷ் (தேய்ந்த துளைக்குள் வைக்கும் சிறு வளையம்) போடுவது, பிவட்டை மெருகேற்றுவது, ஒடிந்த பிவட்டுக்குப் பதில் புதிது வைப்பது. மெயின் வீல் பிவட் சுமாராக 2 முதல் 3 மி.மீ., நடுச் சக்கரங்களில் 1 முதல் 1.5 மி.மீ., எஸ்கேப் வீலில் (ஊசலின் ஆட்டத்துக்கு ஒவ்வொரு பல்லாக நகரும் கடைசிச் சக்கரத்தில்) 1 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. 1 மி.மீ. பிவட்டுக்குத் துளையில் இருக்க வேண்டிய இடைவெளி 0.03 முதல் 0.05 மி.மீ. வரைதான். நூல் கணக்கில் பழகிய கைக்கு இது வேறு உலகம். கீழே வரும் மூன்று லேத்களையும் இந்த எண்களை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறோம்.

பழைய ஆறடி லேத்

பட்டாலா, ராஜ்கோட், கோயம்புத்தூர் என்று பல ஊர்களில் வார்த்த லேத்கள் டெல்டாவில் பம்பு ஷாஃப்ட்டும் அரிசி ஆலை ஷாஃப்ட்டும் கடைந்து வாழ்ந்தவை. சில சமயம் பழைய இரும்பு விலைக்குச் சற்று மேலேயே கிடைத்துவிடும். கனமான வார்ப்பு என்பதால் ஆழமாக வெட்டினாலும் அதிராது. ஆசை வருவது நியாயம்தான்.

கடிகாரத்துக்கு இதில் முதல் தடை வேகம். எஃகுக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகம் என்று வைத்தால், 1 மி.மீ. கம்பிக்கு 6,300 சுற்றுக்கு மேல் வேண்டும். கோன் புல்லி வைத்த பழைய லேத்களில் பல 500, 600 சுற்றோடு நின்றுவிடும். 500 சுற்றில் அந்தக் கம்பியின் மேற்பரப்பு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர்தான் நகர்கிறது. டூல் வெட்டாமல் உரசும், கம்பி வளையும். பெரிய நான்கு தாடை சக்கில் 1 மி.மீ. கம்பியைப் பிடிக்கவும் வழியில்லை.

இரண்டாவது மின்சாரம். இவற்றின் மோட்டார் பெரும்பாலும் மூன்று பேஸ், 415 வோல்ட். வீட்டில் ஒற்றை பேஸ் இருந்தால் விஎஃப்டி (ஒற்றை பேஸை மூன்று பேஸாக மாற்றித் தரும் பெட்டி) போட்டு ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம், ஆனால் 230 வோல்ட் விஎஃப்டி வெளியே தருவதும் 230 வோல்ட் மூன்று பேஸ்தான். ஸ்டார் இணைப்பில் உள்ள சிறு மோட்டாரின் சுருள்களை அப்போது டெல்டா என்ற வேறு இணைப்பு முறைக்கு மாற்ற வேண்டும். வாங்குவதற்கு முன் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை வெளியே வந்திருந்தால் மாற்றுவது சுலபம். மூன்றுதான் இருந்தால் ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே இருக்கிறது, காயில் கட்டுபவரிடம் போக வேண்டும். கையால் திருப்பும் பழைய ஃபார்வர்ட்-ரிவர்ஸ் சுவிட்ச் மட்டும் இருக்கிற லேத் இன்னும் ஆபத்து. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது தானாகவே சுழலும். நோ-வோல்ட் காயில் (கரண்ட் போனதும் சுவிட்சை விடுவிக்கும் சுருள்) உள்ள ஸ்டார்ட்டர் இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.

மூன்றாவது தடை நம் மண். டெல்டாவின் களிமண் கோடையில் பிளந்து, ஐப்பசி கார்த்திகையில் ஊறி உப்பும். அரை டன்னுக்கு மேல் எடையுள்ள லேத்தைச் சாதாரண வீட்டுத் தளத்தில் இறக்கி, சித்திரையில் ரசமட்டம் பார்த்து வைத்தால், மழைக்காலம் முடியும்போது மட்டம் அதே இடத்தில் இருக்காது. பெட் (லேத்தின் நீண்ட அடிப்பாகம்) முறுக்கிக்கொண்டால் நேராகக் கடைந்த கம்பி ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் மெலிந்தும் வரும். தனி அடித்தளம் போட்டு, பருவத்துக்கு ஒருமுறை மட்டம் பார்க்க மனம் இருந்தால் மட்டும் இது சரிப்படும். கோபுரக் கடிகாரம் மாதிரி பெரிய வேலை செய்பவர்களுக்குத் தவிர, கடிகாரத்துக்கென்று இதை வாங்குவதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

7×14 மினி லேத்

180 மி.மீ. ஸ்விங் (சுற்றக்கூடிய அதிகபட்ச விட்டம்), 350 மி.மீ. நீளம், 20 மி.மீ. ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) துளை, ஹெட்டில் எம்டி3, எதிர்முனையில் தாங்கும் டெயில் ஸ்டாக்கில் எம்டி2 (இரண்டும் உட்கூம்பின் அளவுகள்). சுமார் 40 கிலோ, இருவர் தூக்கி மேசைமேல் வைக்கலாம். வேகம் 2,500 சுற்று வரை போகும். அந்த வேகத்தில் 1 மி.மீ. கம்பிக்கு நிமிடத்துக்கு சுமார் 8 மீட்டர் கிடைக்கிறது. கூராகத் தீட்டிய ஹைஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு இது போதும். கார்பைடு இன்செர்ட்டுக்குப் போதாது. இன்செர்ட்டின் முனை உருண்டை என்பதால் இவ்வளவு மெல்லிய கம்பியை வெட்டாமல் தள்ளிவிடும்.

கூட வரும் மூன்று தாடை சக்கை நம்பிக் கடிகார வேலை தொடங்கக்கூடாது. 0.05 முதல் 0.1 மி.மீ. வரை அவுட் (மையம் விலகிச் சுழல்வது) இருப்பது சகஜம். சக்கர மையம் 0.05 விலகினால், ஒரு சுற்றுக்குள் பினியனோடு கவ்வும் ஆழம் 0.1 மி.மீ. கூடிக் குறையும். ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் வழுக்கும். கடிகாரம் ஒவ்வொரு சுற்றிலும் அதே பல்லில் நிற்பதற்குக் காரணம் பல சமயம் இதுதான்.

ஆகவே காலெட். இதில் இரண்டு வழி. எம்டி3 காலெட்டை ஸ்பிண்டிலிலேயே நேராகச் செருகிப் பின்னாலிருந்து போல்ட்டால் இழுப்பது மலிவு, துல்லியமும் நல்லது. ஆனால் அந்த போல்ட் துளையை அடைத்துவிடுவதால் நீளமான கம்பி உள்ளே போகாது. இஆர்32 என்ற வகைக் காலெட் சக்கை ஸ்பிண்டில் முகத்தில் பூட்டினால் கம்பி முழுவதும் பின்னால் போகும். புஷ் வரிசையாக அறுத்துக்கொண்டே வர இதுவே வசதி. இஆர்32 சக்கின் பின்தட்டில் உட்காரும் விளிம்பை 0.1 மி.மீ. தளர்வாகவே விட்டுவிடுங்கள். போல்ட்டை அரைகுறையாக இறுக்கி, கிரைண்ட் செய்த கம்பி ஒன்றைப் பிடித்து, டயல் கேஜை (விலகலை ஊசியால் காட்டும் அளவி) வைத்து, மரச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி ஊசி அசையாத நிலைக்குக் கொண்டுவந்து பிறகு முழுதாக இறுக்க வேண்டும். விளிம்பு இறுக்கமாக இருந்தால் தட்டுவதற்கு இடம் இருக்காது, முதலில் வந்த அவுட்டே கடைசிவரை நிற்கும்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓட்டக்கூடாது. துருப் பிடிக்காமல் பூசியிருக்கும் கெட்டி கிரீஸில் வார்ப்பு மணல் இருக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஸ்லைடுகளை (டூலை நகர்த்தும் பகுதிகளை) ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றின் தளர்வைக் குறைக்கும் ஜிப் ஸ்குருக்களை "லேசாக இழுக்கிறது" என்று கை உணரும் வரை இறுக்கி, ஐஎஸ்ஓ 68 ஸ்லைடுவே எண்ணெய் விடுங்கள். பிறகு 20 மி.மீ. கம்பியை 100 மி.மீ. வெளியே நீட்டி, டெயில் ஸ்டாக் இல்லாமல் இரு முனைகளில் மட்டும் மெல்லியதாக வெட்டி மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வித்தியாசம் 0.02-க்குள் இருந்தால் கடிகாரத்துக்குப் போதும்.

இதில் எது கெடும்? உள்ளே பிளாஸ்டிக் கியர். சுழலும்போது ஹை-லோ நெம்புகோலை மாற்றினாலோ, பார்ட்டிங் டூல் (கம்பியை அறுத்தெடுக்கும் டூல்) சிக்கி நின்றாலோ பல் உடையும். ஒரு செட் கியர் வாங்கி வைத்துவிடுவது நல்லது. அடுத்து வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. பித்தளைத் தூள் ஊசி ஊசியாகப் பறந்து பெட்டிக்குள் போய் ஷார்ட் ஆக்கும். பெட்டியின் காற்று வழிகளில் மெல்லிய வடிதுணி ஒட்டுங்கள். கரண்ட் போன நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

லேத் விலையில் பாதியையாவது காலெட், டூல் போஸ்ட், டயல் கேஜ், மைக்ரோமீட்டர் ஆகியவற்றுக்கு ஒதுக்க முடியாவிட்டால், காத்திருந்து வாங்குவதே நல்லது.

8 மி.மீ. வாட்ச் லேத்

நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குத் தண்டைக் கடைபவர், கையில் உளியைப் பிடித்து, தாங்கியில் ஊன்றி, வளைவையும் கழுத்தையும் கண்ணாலேயே எடுக்கிறார். வாட்ச் லேத்தில் நடப்பதும் அதே கைவேலைதான், நூறில் ஒரு பங்கு அளவில். ஸ்லைடு இல்லை, டயல் இல்லை. டி வடிவத் தாங்கி, கிரேவர் (கையில் பிடிக்கும் சிறு உளி), பூதக்கண்ணாடி. கடைசல் தெரிந்த குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் கைவரும்.

இதன் பலம் காலெட்டில் இருக்கிறது. எண் பத்தில் ஒரு மி.மீ. கணக்கு: 8 என்றால் 0.8 மி.மீ., 12 என்றால் 1.2 மி.மீ. அச்சின் அளவுக்கு மிக அருகில் உள்ள காலெட்டையே எடுக்க வேண்டும். 1.2 காலெட்டில் 1.4 கம்பியைத் திணித்தால் அதன் வாய் மணி மாதிரி விரிந்துவிடும், பிறகு எந்தக் கம்பியும் அதில் நேராக நிற்காது. பழைய செட்டுகளில் பாதிக் காலெட் இப்படிக் கெட்டவைதான். தையல் மிஷின் மோட்டாரும் பெடலும் இதற்கு அளவான துணை. மயிலாடுதுறையிலோ மன்னார்குடியிலோ தையல் மிஷின் கடையில் கிடைக்கும், மெதுவாகவும் வேகமாகவும் காலாலேயே ஓட்டலாம்.

ஒடிந்த பிவட்டை மாற்றுவதை இதில் செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும். அச்சைக் காலெட்டில் பிடித்து, ஒடிந்த முனையைத் தட்டையாக்கி, கிரேவர் நுனியால் நடுவில் ஒரு சின்னக் குழி. குழியை லென்ஸில் பாருங்கள்: நடுவில் குமிழ் மாதிரி ஒரு புள்ளி எஞ்சியிருந்தால் நடு இன்னும் கிடைக்கவில்லை, டிரில் அந்தப் புள்ளியில் மோதி விலகும். குமிழ் மறையும் வரை எடுத்தபின், பிவட்டின் விட்டம்போல் மூன்று மடங்கு ஆழத்துக்குத் துளையிட வேண்டும். அச்சு நீலமாகப் பதமிட்டிருந்தால் சாதாரண டிரில் மழுங்கும், கார்பைடு டிரில் வேண்டும். அதைப் பக்கவாட்டில் துளி அசைத்தாலும் உள்ளேயே ஒடியும். துளைக்கு நீலப் பதக் கம்பியைச் சற்றே கூம்பாக எடுத்து, லாக்டைட் (உலோகம் ஒட்டும் பசை) வைத்து அழுத்தி, காய்ந்ததும் அளவுக்குக் கடைந்து, பர்னிஷரை (மெருகேற்றும் கடினமான எஃகுப் பட்டை) எண்ணெயோடு அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகும். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அதுவே புதிய புஷ்ஷை அரித்துவிடும்.

மினி லேத்தில் இதே வேலையைச் செய்யலாம், ஆனால் டூலின் முனை மையத்துக்கு 0.1 மி.மீ. கீழே இருந்தாலும் 1 மி.மீ. கம்பியில் அது பெரிய தவறு. நடுவில் முனை எஞ்சும், கம்பி டூல்மேல் ஏறப் பார்க்கும். வாட்ச் லேத்தில் கையே உடனுக்குடன் திருத்திக்கொள்கிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். 60 மி.மீ. சக்கரத்தட்டை இதில் சுற்றலாம், ஆனால் ஸ்லைடு ரெஸ்ட் இல்லாமல் அதன் முகத்தைச் சமமாக எடுப்பது பெரும் சிரமம். கடிகாரம் புதிதாகச் செய்ய இது மட்டும் போதாது. கை பழக மாதங்கள் ஆகும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பல் வெட்டுவது: இங்கேதான் கணக்கு

புதிதாகச் செய்பவர்களுக்கு லேத்தைவிட முக்கியமான முடிவு, பல்லை எதில் பிரிப்பது என்பது. 40-க்கு 1 டிவைடிங் ஹெட்டா, 90-க்கு 1 ரோட்டரி டேபிளா? கைப்பிடியை முன்னதில் 40 முறை, பின்னதில் 90 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுழலும். முழுச் சுற்றாக வராத மிச்சத்தை, வட்டமாகத் துளைகள் உள்ள தட்டில் ஊசியைச் செருகி எண்ண வேண்டும்.

72 பல்லுக்கு 40-ல் ஒரு பல்லுக்கு 40/72 சுற்று, அதாவது 18 துளை வட்டத்தில் 10 துளை. 90-ல் ஒரு முழுச் சுற்றும், 20 துளை வட்டத்தில் 5 துளையும். இரண்டிலும் வரும். 78-ம் இரண்டிலும் வரும், 39 துளை வட்டம் இருந்தால். 64-க்கு 40-ல் 16 துளை வட்டத்தில் 10 துளை, சுலபம். ஆனால் 90-ல் 32 துளை வட்டம் வேண்டும், அந்த டேபிளோடு வழக்கமாக வரும் தட்டுகளில் அது இல்லை. 96-க்கு நேர்மாறு: 90-ல் 16 துளை வட்டத்தில் 15 துளை. 40-ல் 12-ன் மடங்கில் ஒரு வட்டம் வேண்டும், பிரவுன் அண்ட் ஷார்ப் வகைத் தட்டு மூன்றிலும் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே எந்தக் கடிகாரத்தைச் செய்யப்போகிறீர்களோ அதன் பல் எண்ணிக்கையை எழுதிவைத்துக்கொண்டு, பிறகு கருவியை வாங்குங்கள். 60, 30, 15 மட்டும் போதும் என்றால் மினி லேத்தோடு வரும் 60 பல் கியரையே ஸ்பிண்டிலின் பின்னால் மாட்டி, ஒரு கொக்கியால் நிறுத்திப் பிரிக்கலாம். செலவே இல்லை. எஸ்கேப் வீலுக்கு 30 பல் பலருக்கும் வேண்டியதுதான்.

எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு: ஊசி நிற்கும் துளையையும் சேர்த்து எண்ணுவது. 10 இடைவெளிக்கு 11 துளை. நின்ற துளையை "ஒன்று" என்று எண்ணிப் பத்தாவதில் செருகினால் நீங்கள் நகர்ந்தது 9 இடைவெளி, அதாவது அரைச் சுற்று. 72-க்குப் பதில் 80 பிரிவு விழும். ஒவ்வொரு பல்லும் மெலிந்து கத்தி மாதிரி நிற்கும். வெட்டும் முன் சக்கரத்தட்டின் விளிம்பில் மார்க்கர் மையால் ஒரு சுற்று முழுக்கக் கோடு போட்டுப் பாருங்கள். கடைசிக் கோடு முதல் கோட்டின்மேலேயே விழ வேண்டும். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய்த் திரும்பி வாருங்கள், இல்லாவிட்டால் கியரின் லூஸ் ஒரு பல்லில் வந்து உட்காரும்.

0.8 மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்), 72 பல் என்றால் சக்கரத்தட்டின் வெளிவிட்டம் (72 + 2.76) × 0.8, சுமார் 59.8 மி.மீ. ஆழத்தை அளந்து போவதைவிட, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டுப் போட்டு, நடுவே நிற்கும் பல்லின் தலையில் தட்டையான வரி மறையும் வரை சிறிது சிறிதாக இறக்குவது நம்பகமானது.

பித்தளை விஷயத்தில் கும்பகோணத்துப் பாத்திரக் கடைத் தெரு பக்கத்திலேயே இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பாத்திரத் தகடு அடித்து வளைப்பதற்கானது. காரீயம் இல்லாததால் கட்டர் ஒட்டிக்கொண்டு வெட்டும், பல்லின் ஓரம் பிசிறாகும். உருக்கி வார்த்த கட்டியில் காற்றுக் குமிழ் இருக்கும், அது சரியாகப் பல்லின் அடியில் வந்து தெரியும். சுமார் 2 சதவீதம் காரீயம் கலந்த, பாதிக் கடினமான உருட்டுத் தகடு வேண்டும். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கேட்டு வரவழைப்பது மேல்.

வெளியே கொடுத்து வாங்குவது

ஊசல் குண்டு, எடைக்குழாய், டிரம், தடித்த தட்டை முகம் எடுப்பது, இவற்றை ஊர் லேத் பட்டறையில் கொடுக்கலாம். 0.05 மி.மீ. அளவுக்குச் செய்து தருவார்கள். படத்தில் எந்த இரண்டு அளவு முக்கியம் என்று சிவப்பில் வட்டமிட்டுக் கொடுங்கள். துளையை 0.2 குறைவாக விடச் சொல்லி, கடைசி அளவை உங்கள் லேத்தில் எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆறடி லேத் வாங்கும் செலவில் இப்படிப் பல வருட வேலை வாங்கிவிடலாம்.

யாருக்கு எது

ரிப்பேர் மட்டும் செய்பவருக்கு 8 மி.மீ. லேத்தே முதல். புஷ்ஷைக் கடையிலிருந்து அளவு பார்த்து வாங்கி, ஐந்து பட்டை ரீமரால் துளையைத் திறந்து போடலாம், அதற்கு மினி லேத் தேவையில்லை. கடிகாரம் செய்ய விரும்புகிறவருக்கு மினி லேத்தும் காலெட்டும் முதல், டிவைடிங் இரண்டாவது, வாட்ச் லேத் மூன்றாவது. இரண்டும் செய்வேன் என்பவர் மினி லேத்தில் தொடங்கி, நல்ல பழைய 8 மி.மீ. செட் கண்ணில் படும்போது விடாமல் வாங்க வேண்டும். அது தேடினால் கிடைக்காது, எதிர்பாராமல்தான் வரும்.

எதை வாங்கினாலும் துரு உங்களுடனே இருக்கும். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் பெட்டின்மேல் வைத்த உள்ளங்கை மறுநாள் காலையில் ரேகையோடு பழுப்பாகப் பதிந்திருக்கும். பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், உள்ளே வியர்க்கும். எண்ணெய் தடவிப் பருத்திப் போர்வை போர்த்தி, அடியில் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டால், இரும்பு சுற்றுக் காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக இருக்கும், பனி இறங்காது. காலெட்டுகளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். 2018 கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு பல்பு உதவாது. ஐப்பசி பிறக்கும்போதே எல்லா எஃகுப் பரப்பிலும் கெட்டியாக கிரீஸ் பூசிவிடுவது ஒன்றே வழி.

பழைய 8 மி.மீ. லேத்தைப் பார்க்கப் போகும்போது பையில் ஒரு புதிய தையல் ஊசி, ஒரு லென்ஸ், ஒரு வெர்னியர் கொண்டுபோங்கள். காலெட்டின் உடல் 8 மி.மீ. இருக்கிறதா என்று முதலில் அளக்க வேண்டும். 6 மி.மீ. லேத்தும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும், அதற்குக் காலெட் தேடுவது தனிப் பாடு. ஊசியின் தடிமனுக்கு ஏற்ற காலெட்டில் அதைப் பிடித்து, நுனி 10 மி.மீ. மட்டும் வெளியே தெரிய விட்டு, ஸ்பிண்டிலை விரலால் சுற்றி லென்ஸில் பாருங்கள். நுனி வட்டம் போட்டால் வேறு காலெட்டில் மாற்றிப் பாருங்கள். எல்லாக் காலெட்டிலும் ஒரே மாதிரி வட்டம் போட்டால் குறை ஸ்பிண்டிலின் உட்கூம்பில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.